எந்தத் தண்ணீரோடு ஒப்பிட்டது?

கடலோர ஊர் ஒன்றில் குடிநீர்க் கிணறு உப்புக் கரித்தது. மூடுவதா வேண்டாமா என்று எங்கள் லேபைக் கேட்டார்கள். கடல் உள்ளே வந்துவிட்டதா, மழைத்தண்ணீர்தான் மண்ணின் உப்பைக் கரைத்து நிற்கிறதா? தண்ணீரில் கனமான ஆக்சிஜன் எவ்வளவு என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்தால் தெரியும்; கடல்நீரில் அது கூடுதல், மழைநீரில் குறைவு. கிணற்றுத் தண்ணீரை நான் அந்த மெஷினில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒப்பிட அந்தப் பக்கத்து மழையின் ரீடிங் வேண்டும். அது பாறைப் பிரிவின் தலைவர் சுந்தரேசன் சாரின் பீரோவில் பூட்டிக் கிடந்தது.

எங்கள் நீர்ப் பிரிவின் தலைவர் ராகவன் சார் கேட்க மாட்டார். "அதை வச்சு அவர் எழுதின ஆராய்ச்சிப் பேப்பர் இன்னும் அச்சுல வரலை. தரமாட்டார், விடு" என்பார். இத்தனைக்கும் இருவரும் மாட்டுங்காவில் ஏறி, ஆபீஸ் பஸ்ஸில் தினமும் ஒரே சீட்டில் வருபவர்கள்.

நான் தாராவி ஆள். சயானில் ஏறுவேன். ஒருநாள் பொறுக்காமல் பஸ்ஸிலேயே ராகவன் சாரைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏன் சார், நேத்து மேட்ச் ஸ்கோரு அம்புட்டும் ஒப்பிக்கிய. மழை ரீடிங்கு கேக்க மட்டும் வாயி வரலையோ? அங்க ஊரே தண்ணிக்கு நிக்கு!"

சுந்தரேசன் சார் திரும்பினார். "ஓய் ராகவன், உமக்கா வேணும்? கேக்கவே இல்லையே?"

"தரமாட்டீர்னு நெனச்சேன்."

"கேட்டாத்தானே ஓய் மாட்டேன்னு சொல்ல முடியும்!"

பஸ்ஸே சிரித்தது. அன்றே மழை ரீடிங் பதிந்த காகிதச் சுருள்கள், சார்ட் ரோல்கள், வந்தன. எனக்கு மறுபடி கோபம் வந்தது. மெஷின் ஒரு ஸ்டாண்டர்டு தண்ணீரோடு ஒப்பிட்டு, கூடவா குறைவா என்றுதான் சொல்லும். எந்த ஸ்டாண்டர்டு என்று ரோலில் ஒரு எழுத்துகூட இல்லை.

"எனக்குத் தெரியுமே, எதுக்கு எழுதணும்?" என்றார் சுந்தரேசன் சார்.

"நீங்க நாளைக்கு மண்டையப் போட்டா யாருட்ட போயி கேக்க?"

அடிக்க வருவார் என்று நினைத்தேன். வயிறு குலுங்கச் சிரித்தார். "போடறதுக்குள்ள எழுதிக்கோடா" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ரோலாகச் சொன்னார். அவருடைய ஸ்டாண்டர்டு ஜாடியில் நல்லவேளையாகக் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை எங்கள் ஸ்டாண்டர்டோடு ஓட்டி, அவர் எண்களை எங்கள் கணக்குக்கு மாற்றினோம். கிணறு மழையோடு ஒத்துப்போனது. கடல் வரவில்லை. கிணற்றை மூடவில்லை.

புதிதாக லேபுக்கு வருகிறவர்களே, ரீடிங்கைப் பூட்டி வைத்தவனைத் திட்டியாவது வாங்கிவிடலாம். எதோடு ஒப்பிட்டது என்று எழுதாமல் செத்தவனை என்ன செய்வீர்கள்?

ரிட்டயரான அன்று சுந்தரேசன் சார் பீரோ சாவியை என் கையில் கொடுத்தார். "எல்லா ரோல்லயும் எழுதிட்டேன். பாத்துட்டுத் திட்டு."

பார்த்தேன். இரண்டு ரோலில் தேதி இல்லை. வீடு தேடிப் போய்த் திட்டினேன். காப்பி கொடுத்தார்.