அத்தாவைக் கடைசியில் நிறுத்தினோம்

போன வாரம் ஒரு புதுக் கணினி விளையாட்டு வாங்கினேன். அந்தக் காலத்துச் சாகச விளையாட்டுகளைப் போலவே ஆறு பேருக்குப் பெயர் வைத்து, அவர்களைக் குழுவாகக் குகைக்குள் அழைத்துப் போக வேண்டும். பெயர் கேட்கும் கட்டம் திறந்ததுமே மனம் எங்கள் ஊரான மீமிசலுக்குப் போய்விட்டது.

அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில், துபாயில் வேலை பார்த்த அத்தா ஒரு லீவில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கணினி எங்கள் வீட்டில் இருந்தது. சூடேறினால் கருகிய தூசி வாடை வரும். அதில் இதே மாதிரி ஒரு விளையாட்டு; அக்கா அகராதியைப் புரட்டி அதன் ஆங்கிலத்தைப் படித்துச் சொல்வாள்; நான் மவுஸைப் பிடிப்பேன். வாள் வீரனுக்கு அத்தாவின் பெயரை வைத்திருந்தோம். மீன் கழுவிய கையோடு பின்னால் நின்ற அம்மா, அந்த வீரன் செத்து விழுந்ததும் பதறிவிட்டார்.

"மொதல்ல அவரை எந்திரிக்க வைங்கடி! யாரு அவரை முன்னாடி நிறுத்துனது?"

அத்தாவைக் கடைசியில் நிறுத்தி மறுபடி ஆடினோம். குகையைக் கடக்க மூன்று நாள் ஆனது. கடந்ததும் அம்மா துபாய்க்குப் போன் போட்டு, "நல்லாருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வருடம் அத்தா ஊரோடு வந்துவிட்டார்.

இந்தப் புது விளையாட்டில் குறைகள் ஏராளம். வீரர்கள் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு முறை விளையாட்டே உறைந்துபோனது. அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது கெடக்குடி. அடுத்து என்னன்னு பாக்கத் தோணுதா?"

"தோணுதுக்கா. ஆபீசுக்கு லீவே போட்டுட்டேன்."

"அப்ப எனக்கும் அனுப்பு. இன்னைக்கே!"