இடது பக்கம் மந்தமாக இருக்கிறது

என் மனைவிக்கு இடது காது கேட்காது. இரண்டு வருடத்துக்கு முன்புவரை நன்றாகக் கேட்டது. வயசானால் இப்படித்தான் என்று போடியில் உறவுக்காரர்கள் சொல்கிறார்கள், நானும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறேன். அது எப்படிப் போயிற்று என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். எழுதிவைப்பதால் காது திரும்பி வராது. வேறு செய்வதற்கும் எதுவும் மிச்சமில்லை.

மின்பொறியியல் படித்தவன் நான். சென்னையில் ஒலிக்கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலைபார்த்து ஓய்வு பெற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஹெட்போன் ஒன்று பழுது பார்க்க வந்தது. அப்போதே அது பழசு. சாதாரண ஹெட்போனில் ஒரு கம்பிச்சுருள் சின்னக் கூம்பு ஒன்றை முன்னும் பின்னும் தள்ளும், அந்த அசைவுதான் சத்தம். இதில் கூம்பே கிடையாது. துளை போட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே, வெங்காயச் சருகைவிட மெல்லிய பிளாஸ்டிக் ஏடு ஒன்றை இழுத்து ஒட்டியிருந்தார்கள். ஏட்டுக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்து, பாட்டைத் தகடுகளில் ஏற்றினால் ஏடு முழுவதும் ஒன்றுபோல அசையும். சுமக்க எடையே இல்லாததால் மிகச் சின்ன ஓசைகூடத் தப்பாது. பழுதை நீக்கிவிட்டு ஒரு பிற்பகல் முழுக்க வீணை கேட்டேன். தந்தியின் மேல் விரல் உரசி நகர்வது கேட்டது. வாசிப்பவர் மூச்சு விடுவது கேட்டது. மறுநாள் உரியவர் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். செய்யக் கடினம், விலை அதிகம் என்று அந்த முறையைப் பெரும்பாலான கம்பெனிகள் கைவிட்டிருந்தன. நான் மட்டும் விடவில்லை. ஓய்வு பெற்றதும் அதை நானே செய்து பார்ப்பது என்று வைத்திருந்தேன்.

ஓய்வுக்குப் பிறகு போடிக்கு வந்தோம். குரங்கணிக்கு மேலே, ஜீப்பு போகும் பாதையை ஒட்டி என் மனைவிக்கு அவள் அப்பா வழியில் வந்த ஏலத்தோட்டம் இருக்கிறது. சென்னையில் இருந்த காலத்திலும் பறிப்புக்குப் பறிப்பு அவள் இங்கே வந்து நின்று காயை உலர்த்தி விற்றுவிட்டுத்தான் திரும்புவாள். தோட்டம் அவள் பொறுப்பு, ஹெட்போன் என் பொறுப்பு. மூடிப்போன டூரிங் டாக்கீஸ் ஒன்றின் ஆம்ப்ளிஃபயரிலிருந்து, பழைய ரேடியோக்களில் இருக்குமே, அந்தக் கண்ணாடி வால்வுகள் கிடைத்தன. தகடுகளைக் கோயம்புத்தூரில் துளையிட்டு வாங்கினேன். ஏட்டை ஒட்டுவதுதான் முடியவில்லை. போடியில் ஆடிக் காற்று மண்ணை வாரி இறைக்கும். ஏட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மணல் விழுந்தால் போதும், எண்ணெயில் கடுகு போட்டதுபோல வெடிக்கும். மேலே தோட்டத்திலோ தூசி இல்லை, ஆனால் மூடுபனி. ஈரம் பட்டால் ஏட்டில் மின்சாரம் நிற்காது.

ஈரமும் தூசியும் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பறித்த ஏலக்காயைத் தட்டுகளில் பரப்பி, விசிறி வைத்த டிரையரால் அடுப்புச் சூட்டைக் குழாய் வழியாக விட்டு உலர்த்தும் கட்டிடம். இங்கே அதற்கு ஸ்டோர் என்று பெயர். அதன் உள்ளறையில் ஒரு மூலையைக் கேட்டேன்.

“காய்க்குப் போடுற வெறகுல ஒங்க பிளாஸ்டிக்குக்கும் பங்கா?” என்றாள். பிறகு தகடுகளைப் பார்த்துவிட்டு, “கரண்ட எடுத்துத் தலையில மாட்டிக்கிறதுக்கா இம்புட்டுப் படிப்புப் படிச்சீங்க?” என்றாள். ஆனாலும் இரண்டு தட்டுகளை நகர்த்தி இடம் விட்டாள்.

அந்த அறையில்தான் முதல் ஹெட்போன் உருவானது. அதைச் சோதிக்கும்போது எனக்கு ஒன்று புரிந்தது. என் காது போதாது. வயதில் கீச்சென்ற உச்ச சுருதி ஓசைகள் எனக்கு முழுசாகப் போய்விட்டிருந்தன. கருவி வைத்து அளக்கலாம், ஆனால் நன்றாக இருக்கிறதா என்று கருவி சொல்லாது. அவள் காது அப்படியல்ல. காய் உலர்ந்துவிட்டதா என்பதை அவள் ஒரு கை அள்ளி, காதோரம் குலுக்கி, உள்ளே விதை ஆடும் ஓசையை வைத்துத்தான் முடிவு செய்வாள். தோட்டத்தில் பலரும் அப்படிச் செய்வார்கள். அவள் சொல்வது தவறியதில்லை.

ஆகவே அவளை உட்காரவைத்து மாட்டிவிட ஆரம்பித்தேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். நான் தட்டில் காயைக் கிளறும் சத்தத்தை ஒருநாள் பதிவு செய்து, சொல்லாமல் போட்டுவிட்டேன். சிறிது நேரம் கேட்டவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“இது இன்னும் காயலையேங்க. எப்பப் பிடிச்சது?”

காய்ந்த தட்டை இறக்குவதற்கு ரொம்ப முன்பே பதிவு செய்திருந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. உள்ளே இருக்கும் ஈரம்கூட என் ஹெட்போனில் கேட்டுவிட்டது என்றுதான் துள்ளினேன். கேட்டது அவள் காது என்று தோன்றவே இல்லை.

பெங்களூரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். உயர்ந்த விலை ஒலிக்கருவிகளை வாங்கி விற்பவர். ஸ்டோருக்குள் அரைமணி நேரம் கேட்டுவிட்டு, “அங்கிள், இத நான் கண்காட்சிக்குக் கொண்டுபோறேன்” என்றார். என் மனைவி கேட்டுத் தேர்வு செய்யும் கதை அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஏலமலையில் ஒரு பெண்மணியின் காது சம்மதித்த பிறகே ஒவ்வொன்றும் வெளியே வருகிறது என்று விளம்பரத்தில் எழுதினார். அதன் பிறகு போனில் பேசும்போதெல்லாம் முதல் கேள்வி, “ஆன்ட்டி ஓகே சொல்லிட்டாங்களா?” என்பதுதான்.

கண்காட்சிக்கான ஹெட்போன்கள் தயாராகி, வந்து எடுத்துப் போக அவர் நாள் சொல்லியிருந்த வாரம். வெளியே சாரல். அவள் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

“இடது பக்கம் மந்தமா இருக்குங்க. துணியப் போட்டு மூடுனாப்ல.”

கழற்றிப் பார்த்தேன். ஏடு விறைப்பாக இருந்தது, இணைப்புகள் சரியாக இருந்தன, அளவுகள் இரண்டு பக்கமும் ஒன்றாகவே வந்தன. வேறொரு ஹெட்போனை மாட்டினேன். அதற்கும் அதையே சொன்னாள்.

இந்த வேலையில் முதல் நாள் கற்றுக்கொடுப்பது ஒன்று உண்டு. ஒரு பக்கம் குறைவாகக் கேட்டால் ஹெட்போனைத் திருப்பிப் போட்டுப் பார். குறையும் கூடவே திரும்பினால் குறை ஹெட்போனில். திரும்பாமல் அதே பக்கம் நின்றால் குறை காதில். நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மறுநாள் அவள் கண்ணை மூடியிருக்கையில், பட்டையைச் சரிசெய்வதுபோல எடுத்துத் திருப்பி மாட்டினேன்.

“இப்ப?”

“அதே இடது பக்கந்தான். மாறவே இல்ல.”

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் நடந்தது என்று நான் சொல்லிக்கொள்ள வழியில்லை.

நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவள் காது எத்தனை நாளாக இப்படி என்று நினைத்தேன். இதுவரை அவள் தேர்வு செய்ததெல்லாம் சரிதானா என்று நினைத்தேன். இதைப் பெங்களூர்க்காரரிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். அவளுக்கு என்ன ஆகிறது என்பது இவற்றுக்கெல்லாம் பிறகுதான் வந்தது. வந்ததும் அதற்கு ஒரு பதிலும் கூடவே வந்தது. அழுக்கு அடைத்திருக்கும், இல்லாவிட்டால் சாரலுக்குச் சளி பிடித்திருக்கும். அவர் வந்து போகட்டும், மதுரைக்குக் கூட்டிப்போகலாம்.

அடுத்து நான் செய்ததைத்தான் என்னால் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தும் சகிக்க முடியவில்லை. ஆம்ப்ளிஃபயரில் அவள் இடது காதுக்குப் போகும் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஏற்றினேன். ஓரிடத்தில் அவள் நெற்றிச் சுருக்கம் விட்டது.

“இந்தா, சரியாப் போச்சே! என்ன செஞ்சீங்க?”

“ஒரு ஒயரு விட்டிருந்துச்சு.”

“அதானே பாத்தேன். ரெண்டு நாளா எங்காதுக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். ஒங்ககிட்டச் சொன்னா மதுர, டாக்டருன்னு கெளம்பிருவீங்க. காயி கெடக்குற கெடையில யாரு போறது?” என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, “அந்தப் புள்ளகிட்ட ஓகேன்னு சொல்லிருங்க” என்றாள்.

அவளுக்கே சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகம் அவளைக் காப்பாற்றியிருக்கும். நான் அதையும் பழுது பார்த்துவிட்டேன்.

இளைஞர் வந்தார், எடுத்துப் போனார். கண்காட்சியில் நல்ல பேர். இன்னும் சில செய்துதரச் சொன்னார். அதற்குள் அடுத்த பறிப்பு. மதுரைக்குப் போகும் பேச்சை நானும் எடுக்கவில்லை. சாப்பிடும்போது இரண்டாவது முறை கூப்பிட்டால்தான் திரும்புவாள். டிரையர் சத்தத்தில் கேட்கவில்லை என்பாள், டிரையர் ஓடாத வீட்டில் இருந்துகொண்டு.

ஒருநாள் ஏலக்காய்க் கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் போடியில் பல வருடமாக எங்கள் காயை வாங்குகிற பாய். சாக்கில் கைவிட்டு அள்ளியவர் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். காய்கள் வாய் பிளந்திருந்தன.

“என்ன தங்கச்சி, ஒன் காயெல்லாம் என்னயப் பாத்துப் பல்லக் காட்டுது? மாப்ளேகூடச் சேந்து பாட்டுக் கேட்டுக்கிட்டு அடுப்ப மறந்துட்டியா?”

“வெறகு அப்பிடிண்ணே. சூடு சீரா நிக்கல.”

“வெறகு மேல பழிய போடாத. முப்பது வருசத்துல ஒங்கிட்ட வெடிச்ச காய நான் பாத்ததில்ல. அதிகமாக் காஞ்சுபோச்சு, அம்புட்டுத்தான்.”

அவள் ஒரு கை காயை எடுத்து இடது காதோரம் குலுக்கினாள். பிறகு வலது காதோரம். பிறகு மறுபடியும் இடது. சாக்கிலேயே போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். நான் தராசைப் பார்ப்பதுபோல நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் ஜீப்பில் ஏறப் போனவள் தலை சுற்றி விழுந்தாள். அதன் பிறகுதான் மதுரை.

காதைச் சோதித்த மருத்துவர், “எப்ப இருந்தும்மா கேக்கல?” என்றார்.

“தல சுத்துனது நேத்துத்தாங்க. கேக்குறது கொஞ்ச நாளாவே கம்மிதான். சாரல் நேரத்துல ஒருக்க மந்தமா இருந்துச்சு, ஆனா அது காது இல்லங்க, ஹெட்போனு. இவரு சரிபண்ணிட்டாரு.”

மருத்துவர் என்னைப் பார்த்தார். “என்ன சரிபண்ணீங்க?”

“ஒயர்” என்றேன். அங்கேயும் அதையே சொன்னேன்.

நரம்பில் வந்த கோளாறு என்றார் மருத்துவர். “மொத ரெண்டு வாரத்துக்குள்ள வந்திருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாம். கண்டிப்பா வந்திருக்கும்னு சொல்ல மாட்டேன். சில பேருக்கு வரும். இப்ப குடுத்துப் பிரயோசனம் இல்ல.” சில பேரில் அவள் இருந்திருப்பாளா என்பது யாருக்கும் தெரியாது. இல்லாமலும் இருந்திருக்கலாம் என்று நினைத்து நான் தூங்கியது உண்டு. எழும்போது அந்த நினைப்பு நிற்பதில்லை.

திரும்பும்போது பஸ்சில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். “கேட்டவரைக்கும் போதும், விடுங்க” என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

விற்றுப்போன ஹெட்போன்கள் மழைக்காலம் முடிவதற்குள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஏடு தொய்ந்து தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்ததும் ஏலக்காய் வாசம் அடித்தது. உலர்த்தும் சூட்டில் காயிலிருந்து எழும் எண்ணெய் ஆவி பசையில் இறங்கி, மெல்ல மெல்ல அதை இளக்கியிருக்கிறது. காயில் எண்ணெய் இருப்பது தெரிந்தவன்தான் நான். அந்த அறையின் வறட்சியை மட்டும் பார்த்தேன். பெங்களூர்க்காரர் மரியாதையாகப் பேசினார், பிறகு பேசுவதை விட்டுவிட்டார். அவை எல்லாம் இப்போது ஸ்டோரின் பரணில் சாக்குக்கடியில் கிடக்கின்றன.

போன வாரம் ஒரு மத்தியானம் ஸ்டோரில் இருந்தோம். அவள் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் இடது காதில் இப்போது ஓயாத இரைச்சல். டிரையர் நின்ற பிறகும் டிரையர் ஓடுகிறது என்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, “அன்னைக்கு ஒயரு விடல. ஒங்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும்” என்றேன். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், அவளுடைய இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். கவனிக்காமல் உட்கார்ந்தேன் என்று இங்கே எழுதியதைக்கூட என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவள் திரும்பினாள். “என்னமோ சொன்னீங்க?”

“மழை வருமாட்டம் இருக்குன்னேன்.”

“வரட்டும். வெரசா இத இறக்கிறலாம்.” ஒரு கை காயை அள்ளி வலது காதோரம் குலுக்கினாள். மறுபடி குலுக்கினாள். முகம் சுருங்கியது. “இந்த இரைச்சல்ல ஒண்ணும் புரிபடல. நீங்க கேட்டுச் சொல்லுங்க, காஞ்சிருச்சா?” என்று கையை என் காதோரம் நீட்டிக் குலுக்கினாள்.

அந்த ஓசை எனக்கு எப்போதோ போய்விட்டது. அவள் விரல்கள் அசைவது மட்டும் தெரிந்தது.

“காஞ்சிருச்சு” என்றேன்.

அவள் எழுந்து தட்டை இறக்க ஆரம்பித்தாள்.