கால் அடித்த எழுத்து

அலுவலகத்தில் அவரைப் பெடலக்கா என்றுதான் சொல்வார்கள். அலுவலகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் எதிரெதிராக இரண்டு மேசை, பின்னறையில் பழைய கணினி உதிரிகள் அடைத்த அலமாரி. ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுப்பதுதான் அங்கே வேலை. அக்கா கேட்டு அடிப்பார். எதிர் மேசைக்காரர் அதே பதிவைக் காதில் மாட்டிக்கொண்டு வரிவரியாகச் சரிபார்ப்பார். அவர் முன்பு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவர். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து நீட்டியவரிடம் வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் ஒரு கமா விட்டுப்போயிருக்கிறது என்று சொன்னவர். அன்றிலிருந்து கமா சார்.

அக்காவின் பெயருக்குக் காரணம் மேசைக்கு அடியில் கிடந்தது. தையல் மெஷின் மிதி மாதிரி ஒரு கறுப்புப் பெடல். ஒரு மிதி மிதித்தால் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு நாலைந்து சொல் பின்னால் போய், மறுபடி சொல்லும். கையை விசைப்பலகையிலிருந்து எடுக்கவே வேண்டாம். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வருடக்கணக்காக மெஷின் மிதித்த கால் அவருடையது. தொழிற்சாலை வேறு ஊருக்குப் போனபோது அவர் கூடப் போகவில்லை. தங்கையிடம் தட்டச்சுக் கற்றுக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். முதல் நாள் கைதான் எழுத்துகளைத் தேடித் தடுமாறியது. கால் தன் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி பெடல் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

அவருடைய கணவர் தச்சர். பெடல் வழுக்காமலிருக்க அடியில் ரப்பர் ஒட்டிய பலகை ஒன்று செய்து கொடுத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு புகார் வைத்திருப்பார். "தூக்கத்துலயும் மிதிக்கிறா. நான் ஏதோ சொன்னது சரியாக் கேக்கலையாம், பின்னால ஓட்டிக் கேக்கிறாளாம்."

"நீங்க முணுமுணுன்னு பேசுனா வேற என்ன பண்றது?" என்பார் அக்கா.

அலுவலகக் கணினிகளையும் அக்காதான் பார்த்துக்கொண்டார். இருந்தவை இரண்டும் பழசு. வேறெதுவும் அவற்றில் நகராது என்று ஆனபோது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார்த்தார். நகர்ந்தது. எந்த வகுப்புக்கும் போனதில்லை. ஏதாவது கெட்டுப்போனால் ஒன்றை மட்டும் மாற்றுவார், சோதிப்பார், பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். தையலில் ஊசி முறிந்தால் ஊசியை மாற்றிவிட்டு ஒரு துண்டுத் துணியில் ஓட்டிப் பார்ப்பார்கள் இல்லையா, அந்தப் பழக்கம்.

அந்த வாரம் பெரிய அப்டேட் ஒன்று வந்தது. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது இரண்டு கணினியிலும் ஓடவிட்டுவிட்டுப் போனார். காலையில் வந்தபோது திரை புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது. பெடல் வேலை செய்யவில்லை. மிதித்தார், பேச்சு பின்னால் போகவில்லை. கம்பியைக் கழற்றி மாட்டினார், வேறு துளையில் செருகினார், ஒன்றும் நடக்கவில்லை. எதிர் மேசையில் கமா சார் ஹெட்போனைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்னோடது பேச மாட்டேங்குதும்மா."

"சார், எனக்குக் கால் போச்சு, உங்களுக்குக் காது போச்சு. முதல்ல இந்த வேலையை முடிச்சு அனுப்பிடுவோம். பிறகு உட்கார்ந்து பார்க்கிறேன்."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பேச்சுப் பயிற்சி மையம் ஒன்று அனுப்பிய பதிவு அது. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவருக்குப் பக்கவாதம் வந்து, பேச்சு குழறி, மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து இப்போது தேறியிருந்தார். அவரைப் பழைய வேலைக்கே எடுத்துக்கொள்ளலாமா என்று அன்று மதியம் மருத்துவக் குழு முடிவு செய்கிறது. அவர் பேசியதை எழுத்தாக்கி, மையத்தின் மதிப்பீட்டோடு சேர்த்துக் குழுவின் முன் வைப்பார்கள். இந்த மாதிரிப் பதிவுகளுக்கு ஒரே சட்டம்தான்: காதில் விழுந்தது விழுந்தபடி. திக்கினால் திக்கியபடி. குழறினால் குழறியபடி. திருத்தக் கூடாது.

அக்கா பெடலை விட்டுவிட்டு, பின்னால் ஓட்டுவதற்கு விசைப்பலகையின் மேல்வரிசைப் பொத்தான் ஒன்றை வைத்துக்கொண்டார். வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். கண் திறந்திருந்தால் காது பாதிதான் கேட்கும் என்பது அவர் கட்சி. கமா சாருக்கு ஒலி இல்லாததால் எழுத்தை மட்டும் கண்ணால் ஓட்டிப் பார்த்தார். கோப்பு போய்ச் சேர்ந்தது.

அக்கா தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் தொலைபேசி அடித்தது. மையத்தின் பேச்சுப் பயிற்சியாளர், வயதில் சின்னவர்.

"அக்கா, ஒரு சந்தேகம். 'அம்மா'ங்கிற இடத்துல 'பம்மா'ன்னு இருக்கு. 'இன்னைக்கு' வந்து 'பின்னைக்கு' ஆயிருக்கு. நடுநடுவுல வெறும் 'ப்' வேற. அவர் அப்படியா பேசுனாரு?"

"நீங்க எதிர்ல உட்கார்ந்துதானே மேடம் பதிவு பண்ணீங்க?"

"ஆமா. எனக்கு அப்படிக் கேக்கல. ஆனா உங்க எழுத்துல இருந்தா நான் என் காதைத்தானே சந்தேகப்படணும். புதுசா ஒரு குறைன்னு மதிப்பீட்டுல எழுத ஆரம்பிச்சிட்டேன். அப்படிப் போனா அவருக்கு மைக் கிடைக்காது. கோப்பு அடுக்குற வேலை ஏதாவது கொடுப்பாங்க."

"எழுதாதீங்க. கொஞ்சம் பொறுங்க. நான் கூப்பிடறேன்."

அக்கா கோப்பைத் திறந்தார். பம்மா. பின்னைக்கு. பெழுந்து. ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு இடம்.

"சார், இதெல்லாம் நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன். பார்த்துட்டுத்தான் விட்டேன். மனுஷன் நோயாளி, அவர் பேச்சுல நான் கை வைக்கலாமா? நீதானே சட்டம் பேசுவ."

அக்கா அந்த இடத்துக்குப் பதிவை ஓட்டினார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். தெளிவாக "அம்மா" என்றது குரல். இன்னொரு தரம் கேட்கலாம் என்று நினைத்தார்.

அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்த கமா சார் மெதுவாகக் கேட்டார்: "இப்போ யாரும்மா அடிச்சா?"

அக்கா கண்ணைத் திறந்தார். திரையில், கர்சர் நின்ற இடத்தில், புதிதாக ஒரு "ப்" உட்கார்ந்திருந்தது. கை மடியில் இருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார்கள். கால் பெடலின் மேல் இருந்தது.

"செத்துப் போச்சுன்னியே?"

"சாகல சார். இது எனக்குத் தெரியாம எழுதிக்கிட்டு இருந்திருக்கு."

கட்டளை அடிக்கும் கறுப்புச் சாளரத்தைத் திறந்து, வேண்டுமென்றே ஒரு மிதி மிதித்தார். ஆங்கில பி எழுத்து ஒன்று விழுந்தது. இன்னொரு மிதி, இன்னொரு பி. அதோடு விஷயம் முழுவதும் விளங்கிவிட்டது. அந்தப் பெடல் உண்மையில் ஒற்றைப் பொத்தான் உள்ள விசைப்பலகை. மிதித்தால் பி என்று சொல்வதைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது. அந்த பி-யைப் பிடித்து 'பின்னால் போ' என்று மாற்றிச் சொல்ல அக்கா முன்பே ஒரு சின்ன நிரலை வைத்திருந்தார். அப்டேட்டில் திரையை நடத்தும் முறையே மாறிவிட்டது. புது முறையில் அந்த நிரலின் பேச்சு எடுபடவில்லை. தடுக்க ஆளில்லாமல் பி நேராகக் கோப்புக்குள் வந்து விழுந்தது. அக்கா அடிப்பது ஒலிக்கேற்ற தமிழ் விசைமுறை. அதில் பி என்றால் ப். அடுத்து உயிரெழுத்து வந்தால் அதோடு ஒட்டிக்கொள்ளும். அம்மா, பம்மா.

பெடல் வேலை செய்யவில்லை என்று அக்காவுக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது. கை மேல்வரிசைப் பொத்தானைத் தொட்டபோதெல்லாம் காலும் தன் பங்குக்கு மிதித்திருக்கிறது.

"உன் வீட்டுக்காரர் சொன்னப்போ சிரிச்சோம்," என்றார் கமா சார்.

"அவர்கிட்ட இதைச் சொல்லிடாதீங்க. ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரு."

அக்கா கணினியிலிருந்து வெளியேறி, கடவுச்சொல் கேட்கும் திரையில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்தார். ஒரு மிதி. குரல் பின்னால் போய் மறுபடி "அம்மா" என்றது. கறுப்புச் சாளரத்தில் எதுவும் விழவில்லை. நிரந்தரமாகச் சரிசெய்ய அந்த நிரலை இன்னும் அடிமட்டத்தில் போய்த் திரும்ப எழுத வேண்டும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அடுத்து கமா சாரின் கணினி. அமைப்பில் ஒலி எங்கே போகிறது என்று பார்த்தால், ஹெட்போனை விட்டுவிட்டுத் திரைப்பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தத் திரைப்பெட்டியில் ஸ்பீக்கரே கிடையாது. பாவம், காலையிலிருந்து சுவரிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. மாற்றிவிட்டார்.

"அப்போ 'ப்'பையெல்லாம் தேடி ஒரே அடியா அழிச்சிடலாமே. நேரம் இல்ல பாரு," என்றார் கமா சார்.

"அழிச்சா 'அப்பா'வும் 'அபா' ஆயிடும் சார். அதை விடுங்க, அவர் நிஜமாவே திக்குன இடம் ஒண்ணு ரெண்டு இருந்தா? அதுவும் சேர்ந்து போயிடும். முழுசாக் கேட்டுடுவோம்."

பதிவைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் கேட்டார்கள். சாப்பாட்டு டப்பாக்கள் திறக்கப்படவில்லை. கீழே கண்ணாடிக் கடைக்காரர் யாருக்கோ எழுத்துப் பலகையைக் காட்டி, "இது தெரியுதா, இது தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது மேலே வரை கேட்டது. கால் போட்ட 'ப்'களை எடுத்த பிறகு அக்காவின் பாதி சுத்தமாக இருந்தது. கமா சார் தன் பாதியின் கடைசியில் நின்றுவிட்டார்.

"இங்க வாம்மா. இதைக் கேளு."

ஹெட்போனின் ஒரு காதை அவர் நீட்ட, அக்கா கேட்டார். ஓட்டுநர்கள் வண்டியை எப்படித் திருப்ப வேண்டும் என்று அந்த மனிதர் விவரித்துக்கொண்டிருந்தார். "ப்... பின்கதவை" என்றார். மறுபடி ஓட்டினார்கள். சந்தேகமில்லை. திக்கல்தான்.

"மூணு பக்கத்துல ஒண்ணே ஒண்ணு. எடுத்துட்டா என்ன? நம்மளால அந்த ஆளுக்கு வரவிருந்த கெடுதலுக்கு ஈடா இருக்கட்டுமே," என்றார் கமா சார்.

அக்காவின் விரல் அழிக்கும் பொத்தான் வரை போனது. அவருக்கும் கை அரித்தது.

"மத்ததெல்லாம் என் காலோடது சார், எடுத்தாச்சு. இது அவரோடது. நாம எடுத்தா, நாளைக்கு மேடம் நம்ம எழுத்தை எதை வெச்சு நம்புவாங்க?"

கமா சார் அந்த "ப்"புக்குப் பிறகு மூன்று புள்ளிகள் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் எண்ணிப் பார்த்தார்.

புதுக் கோப்பை அனுப்பிவிட்டு அக்கா பயிற்சியாளரைக் கூப்பிட்டார். நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"காலா?" என்றார் அவர். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். "இந்தப் 'பின்கதவு' மட்டும்?"

"அது நிஜம் மேடம்."

"எனக்கும் அது கேட்டுச்சு. அது இருந்தாப் பரவாயில்ல. எதுவுமே இல்லாமப் போனாத்தான் குழுவுல நம்ப மாட்டாங்க."

சாயங்காலம் கீழே கண்ணாடிக் கடையை மூடும் நேரத்தில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவரை மைக்குக்கே எடுத்துக்கொள்கிறார்களாம். முதலில் பகல் நேரம் மட்டும். கமா சார் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, முற்றுப்புள்ளி இல்லை என்றார்.

சில வாரங்கள் கழித்து, அக்காவும் கணவரும் தங்கை வீட்டுக்குப் போகப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. அந்தக் குரலை அக்காவுக்கு நன்றாகத் தெரியும், முகத்தைத்தான் பார்த்ததில்லை. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று நிதானமாகச் சொன்னது. "பயணிகள் ப்... பின்கதவு வழியாக ஏறவும்," என்றது. ஏறிக்கொண்டிருந்த ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"எந்த மேடைன்னு சொன்னான்? எனக்குக் கேக்கல," என்றார் கணவர். பிறகு கீழே பார்த்தார். "தரையை ஏன் மிதிக்கிற?"

அக்கா காலை இழுத்துக்கொண்டார். "நாலாவது மேடை. வாங்க," என்று பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.