நோயாளிக்கான நாற்காலி

மனிதகுலத்தின் கவனத்துக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. ஒரு கமிட்டிக் கூட்டத்தில் பேய் கலந்துகொண்டது. அதைவிட அதிசயம், கூட்டம் முடியும்வரை அது தூங்கவில்லை.

சிரிக்க வேண்டாம். நடந்த கதை. எனக்குச் சொன்னவர் பொய்யே பேசாதவர் என்று சத்தியம் செய்ய மாட்டேன். நாற்காலிக் கடை வைத்திருக்கிறார். ஆனால் கடை நிறைய நாற்காலி கிடக்க, இதை மட்டும் அவர் நின்றுகொண்டே சொன்னார்.

ராத்திரி, இடி, மின்னல் எதுவும் கிடையாது. பட்டப்பகல். சாப்பாட்டு நேரம் எப்போது வரும் என்று எல்லோரும் கடிகாரத்தைப் பார்க்கும் வேளை.

எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு கமிட்டி உண்டு. இனிப் பிழைக்க வழியில்லாத நோயாளிக்கு மூச்சு மெஷினை நிறுத்தலாமா, கூடாதா என்று முடிவு சொல்லும் கமிட்டி. டாக்டர்கள், ஒரு வக்கீல், கூடவே பொதுமக்களின் மனசாட்சியாக ஒருத்தர். கூட்ட அறைக்குச் சல்லிசாக நாற்காலி கொடுத்த தோஷத்தில் மனசாட்சிப் பதவி நம் கடைக்காரர் தலையில் விழுந்தது. அன்றுதான் அவருக்கு முதல் கூட்டம்.

தலைவர் பெரிய டாக்டர். தொண்டையைச் செருமினாலே கைதட்டலுக்கு இடைவெளி விடுகிறவர். மேஜையைச் சுற்றிப் போட்டதில் ஒரு சுழல் நாற்காலி எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். அது நோயாளிக்கான நாற்காலியாம். பேச முடியாதவர் நம் நடுவில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டுமாம். இதைச் சொல்லியே இரண்டு மாநாட்டில் கேடயம் வாங்கியிருக்கிறார்.

நோயாளியைப் பெற்றவர்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது. அவர்கள் வெளியே வராந்தா பெஞ்சில் இருப்பார்கள். முடிவான பிறகு கூப்பிட்டுச் சொல்வார்கள். அதுவும் வழக்கம்தான். அதற்குக் கேடயம் கிடைக்கவில்லை.

அன்றைக்கு எடுத்துக்கொண்டது ஆறு வயதுச் சிறுமியின் கேஸ். தண்ணீர்த் தொட்டியில் விழுந்தவள். நின்ற இதயத்தை ஓட வைத்துவிட்டார்கள். மூளையை மீட்க முடியவில்லை. குழந்தைகள் பிரிவு டாக்டரம்மா மென்று விழுங்காமல் சொன்னார். அவள் இனிக் கண் திறக்க மாட்டாள். நுரையீரலும் கெட்டுக்கொண்டே வருகிறது. இதற்கு மேல் செய்வதெல்லாம் அந்த உடம்பைப் படுத்துவதுதான். அப்பா சம்மதித்துவிட்டார். அம்மா இன்னும் வாயைத் திறக்கவில்லை.

அப்பா கையெழுத்தே போதும் என்றார் வக்கீல். அந்தம்மாவை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று கடைக்காரர் இழுத்தார்.

தலைவர் புன்னகைத்தார். "கூப்பிட்டா அழுவாங்க. முடிவைச் சொல்லும்போது ஆறுதலும் சேர்த்துச் சொல்லிக்கலாம்."

கடைக்காரர் சோபாவுக்குத் துணி தேர்ந்தெடுக்கவே மூன்று தடவை யோசிக்கிற மனிதர். இப்போது ஒரு குழந்தையின் மூச்சுக்குக் கை தூக்க வேண்டும். தூக்கினால் பாவமா, தூக்காவிட்டால் பாவமா... அதுதான் பிடிபடவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

ஸ்ஸ்ஸ்...

அவருக்குத் தெரியாத சத்தமா? சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்துக் கைப்பிடியை இழுத்தால் ஆசனம் கீழே இறங்கும். கடைக்கு வரும் பொடிசுகள் எல்லாம் செய்கிற வேலை அது. ஆனால் ஆள் உட்கார்ந்தால்தான் இறங்கும். கனம் இல்லாமல் இறங்காது.

நிமிர்ந்து பார்த்தார். எதிரே, காலி நாற்காலி மற்றவற்றைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. நம் சரக்கு இங்கே வந்து மானத்தை வாங்குகிறதே என்றுதான் முதலில் நினைத்தார்.

ஸ்ஸ்ஸ்...

இன்னும் கொஞ்சம் இறங்கியது.

பிறகு ஆடியது. இடப்பக்கம் கொஞ்சம். வலப்பக்கம் கொஞ்சம். கால் தரையில் எட்டாத பிள்ளைகள் ஆட்டுவது போல.

மெத்தை நடுவில் குழிந்திருந்தது.

தலைவர் மனித மாண்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வக்கீல் கொட்டாவியை விழுங்கினார். டாக்டரம்மாவின் பேனா மட்டும் கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

நாற்காலி நின்றது. கதவைப் பார்த்தபடி.

"ஒருமனதா முடிச்சிடலாமா? கையைத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. கடைக்காரரின் கை எழவில்லை. அவரே எழுந்துவிட்டார். எப்படி நடந்தார், எப்படிக் கதவைத் திறந்தார் என்று அவருக்கே தெரியாது. வராந்தா பெஞ்சில் அந்தம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள வாங்கம்மா."

வந்தாள். தலைவருக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் பெருந்தன்மைக்குப் பேர் போனவர் அல்லவா? காலி நாற்காலியைக் கை காட்டி உட்காரச் சொன்னார். அவள் அதன் பக்கம் போனாள். சட்டென்று நின்றாள்.

"பரவால்ல சார். பையன் உட்கார்ந்திருக்கான். நான் நிக்கிறேன்."

எல்லோரும் அந்த நாற்காலியைப் பார்த்தார்கள்.

"எந்தப் பையன்?" என்றார் வக்கீல்.

"இவன்தான். யார் வீட்டுப் பிள்ளை? ஒரு கால்லதான் சாக்ஸ் போட்டிருக்கான். பச்சை சாக்ஸ்." அவள் குனிந்து பார்த்தாள். "அம்மா வந்தாச்சான்னு கேக்குறான்."

டாக்டரம்மா எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். வழக்கமான இடைவெளியும் விட்டார்.

அந்த இடைவெளியில் அந்தம்மாதான் பேசினாள். "மெஷினைக் கழட்டப் போறீங்கன்னு தெரியும். எம் பொண்ணு திரும்ப மாட்டான்னும் தெரியும். நான் அதைத் தடுக்கல சார். ஆனா நான் இல்லாம கழட்டாதீங்க. எம் மடியில வச்சுக் கழட்டுங்க. எப்பன்னு நான் சொல்றேன்."

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

நாற்காலி மெல்ல அவள் பக்கம் திரும்பியது...

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது...

மறுபடி கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டது.

அந்தச் சிறுமி சில நாள் கழித்து, அவள் அம்மா சொன்ன நேரத்தில், அம்மாவின் மடியில் போனாள். முகத்தில் சிரமம் இல்லை என்று டாக்டரம்மா கடைக்காரரிடம் சொன்னார். அதோடு இன்னொன்றும் சொன்னார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அந்தப் பச்சை சாக்ஸ் நான் போட்டு விட்டது."

முந்தைய வருஷம். ஐந்து வயதுப் பையன். ஒரு கால் விரலில் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப் மாட்டியிருந்ததால், மற்ற காலுக்கு மட்டும் சாக்ஸ். அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். ஏதோ மாநாட்டில் இருந்த தலைவர் ஃபோனிலேயே கமிட்டிக் கூட்டத்தை முடித்துவிட்டார். பையனின் அம்மா குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது, கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் தலைவர் காலி நாற்காலி வழக்கத்தை ஆரம்பித்தாராம்.

நாற்காலியைக் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைக்காரர் அக்கக்காகப் பிரித்துப் பார்த்தார். பழுது எதுவும் இல்லை. தினமும் பூட்டும்போது அதை உயரத்தில் ஏற்றி, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார். காலையில் திறந்தால், அது இறங்கியிருக்கிறது. வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பாதி விலை போட்டும் விற்கவில்லை.