நான் இறுக்கிப் போட்ட ஹான்ட்பிரேக்

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலெர்மோவில் மச்சான் ஆடிய கல்லூரிக் கால்பந்து ஆட்டத்துக்கு, நான் வேலை செய்த வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் காரை இரவல் வாங்கிக்கொண்டு மனைவியுடன் போனேன். இடமே இல்லை. இன்னொரு காரை மறித்துத்தான் நிறுத்த முடிந்தது. அங்கே கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டு நின்ற தொப்பிக்காரர், ஹான்ட்பிரேக் போடாதே, தேவையென்றால் தள்ளிவிடுவோம் என்றார்.

"இஞ்சை எல்லாரும் அப்பிடித்தானப்பா விடுறவை," என்றாள் மனைவி.

"ஓம், களவெடுக்கச் சுகம்!" என்று இறுக்கிப் போட்டுப் பூட்டினேன்.

ஆட்டத்தின் நடுவே கால் முறிந்த ஆட்டக்காரர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் எழுந்து கைதட்டினேன்.

முடிந்து வந்தால் காரைக் காணோம்! தொப்பிக்காரரின் சட்டையைப் பிடித்தேன். அவர் மரத்தடியைக் காட்டினார். காயக்காரரை ஏற்றிப்போக வேண்டிய காரைத்தான் நான் மறித்திருந்தேனாம். எட்டுப் பேர் என் காரைத் தூக்கி அங்கே வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஹான்ட்பிரேக் போடுவதேயில்லை. கதவை மட்டும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.