நான்கு வீட்டில் ஒரு பாட்டு

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் பாட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த ஒரு அக்காவிடம் ஒப்படைத்தவன் நான்தான். அறுபதுகளின் கடைசி அது. தாம்பரத்தில் எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்கு நான் செயலாளர். சொந்தமாக மெட்டுப் போடத் தெரிந்தவர் எங்கள் சபையில் அவர் ஒருவர்தான். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"என் இஷ்டத்துக்கு விடணும் தம்பி. நடுவுல யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது."

"நான் பாத்துக்கறேன்க்கா" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

அவர் இஷ்டம் இப்படி இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை. பாட்டில் நான்கு குரல்கள். மேல்குரல் பெண்கள் சேலையூரில் ஒரு வீட்டில், கீழ்க்குரல் பெண்கள் குரோம்பேட்டையில், மேல்குரல் ஆண்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில், அடிக்குரல் ஆண்களாகிய நாங்கள் பெருங்களத்தூரில். கிறிஸ்துமஸ் காலை வரை நாலு கூட்டமும் ஒன்றுசேர்ந்து பாடவே கூடாதாம். ஒருவர் பாகத்தை இன்னொருவர் கேட்கவும் கூடாதாம்!

"சேந்து பாடினா ஒருத்தர்மேல ஒருத்தர் சாஞ்சுக்குவீங்க. அவங்கவங்க சொந்தக் கால்ல நில்லுங்க" என்பார். ஆபீஸ் விட்டு மின்சார ரயிலில் வந்து, ஒவ்வொரு மாலையும் ஒரு வீடாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்.

என் மனைவி மேல்குரல், நான் அடிக்குரல். அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடுவாள். நான் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடுவேன். எங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்து எதிர்வீட்டுக்காரர் சமாதானம் பேசவே வந்துவிட்டார்.

எங்கள் பாகம்தான் பெரிய சோதனை. ஒரே சுரத்தை நீளமாக இழுக்கவேண்டும், நிறுத்தவேண்டும், மறுபடி இழுக்கவேண்டும். அவ்வளவுதான். என் பக்கத்தில் நிற்கும் ரயில்வே லோகோ ஷெட் ஃபிட்டர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்:

"இன்னாண்ணா இது? ஏசு பொறந்த பாட்டா, எழவு வூட்டுப் பாட்டா? ஒரே பேஜாரா கீதுண்ணா."

இந்தப் பேச்சு சபைக் கமிட்டியின் காதுக்கும் போய்விட்டது. கூட்டத்தில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எழுந்து நின்றார்.

"சனிக்கிழமை நாலு கூட்டத்தையும் இங்க கூப்பிடுங்க. முழுப் பாட்டையும் நாங்க கேக்கணும். இல்லன்னா இந்தப் பாட்டே வேணாம், பழசையே பாடிக்கலாம்."

எனக்கும் அதைக் கேட்டுவிட உயிர் போனது, அதை எங்கே சொல்ல! ஆனால் அக்கா போட்டது அந்த ஒரே நிபந்தனைதானே?

"முடியாது சார்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவங்க வழியில விட்டுடுங்க. பாட்டு சொதப்பிச்சுன்னா செயலாளர் வேலைய விட்டுடறேன்."

பாஸ்டர் கமிட்டி நோட்டை மூடினார். பிறகு, "சரி, பாடுங்க" என்றார்.

கிறிஸ்துமஸ் காலையில் சர்ச்சில் நிற்க இடமில்லை. அக்கா எங்களை நான்கு மூலைகளில் நிறுத்தினார். முதலில் என் மனைவியின் கூட்டம் தொடங்கியது. என் வீட்டுச் சமையலறையில் ஒளிந்திருந்த மெட்டு இதுதானா! அடுத்து கீழ்க்குரல் பெண்கள் சேர்ந்தார்கள், பிறகு குவார்ட்டர்ஸ் ஆண்கள். கடைசியில் அக்கா எங்கள் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். இழுத்தோம்.

அடேயப்பா! நாங்கள் எழவு என்று நினைத்த அந்த ஒற்றைச் சத்தத்தின்மேல் மற்ற மூன்று குரல்களும் ஏறிக்கொண்டு தூளிபோல ஆடத் தொடங்கின. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஃபிட்டர் பாடிக்கொண்டே என் கையை நசுக்கினார். அந்தக் கோடியிலிருந்து என் மனைவி கண்களை அகல விரித்து என்னைப் பார்த்தாள். ஒருவர்கூடச் சுரம் தப்பவில்லை. பாட்டு முடிந்ததும் தலைமையாசிரியர், ஆராதனை என்பதையும் மறந்து, "இன்னொரு தடவை!" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார்.

எல்லாம் முடிந்தபின் அக்காவிடம் ஓடினேன்.

"அக்கா, உங்க மனசுல இப்படித்தான் கேட்டுதா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மட்டும் எப்படித் தம்பி தெரியும்? நானும் இப்பத்தான் முதல்முதலா கேக்கறேன். உங்க எல்லாரையும் நம்பித்தான் நின்னேன்" என்று சொல்லிவிட்டு, அழுதுகொண்டே சிரித்தார்.