பொய்ப் பெட்டியின் தேதி

எங்கள் பெரியப்பா பருத்திப்பட்டு வட்டாரத்துக்கே கம்ப்யூட்டர் ஜாதகம் போட்டுக் கொடுப்பவர். அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒரு நாள் உயிரை விட்டபோது, ஊர்க்காரர்கள் வீட்டுக்கு வந்து கிட்டத்தட்ட துக்கமே விசாரித்தார்கள். ஜாதகம் போடும் நிரல் புது லேப்டாப்பில் ஓடவில்லை. அம்பத்தூரில் வேலை பார்த்த சித்தப்பாதான் எமுலேட்டர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். லேப்டாப்புக்குள்ளேயே பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருப்பதுபோல அது பாவனை செய்யும். அதை நம்பி நிரலும் ஓடும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜாதகத்தைவிட எமுலேட்டரின் செட்டிங்ஸ் பக்கம்தான் எனக்குப் பிடித்தது. பிராசசர், மெமரி, சவுண்டு கார்டு எல்லாவற்றையும் கடைக்குப் போகாமலே மாற்றலாம். வேகத்தைக் குறைத்தால் ராசிக் கட்டம் கோடு கோடாகச் சோம்பல் முறித்துக்கொண்டு வந்தது. கூட்டினால் கண் இமைப்பதற்குள் வந்து நின்றது.

"எத்த வேணா நோண்டு, ஒண்ணும் எரியாது. உள்ள கீறது பொய்ப் பெட்டிதானே" என்று சித்தப்பா வேறு சொல்லிவிட்டார். கேட்க வேண்டுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை, லேப்டாப்பின் கடிகாரத்தையே பின்பற்றச் சொல்லும் இடத்தில் இருந்த டிக்கை எடுத்தேன். எடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான். திரையில் எதுவும் மாறவில்லை. ஏமாற்றத்தோடு விளையாடப் போய்விட்டேன்.

மாலையில் செம்பரம்பாக்கத்திலிருந்து அத்தையைப் பெண் கேட்டு வந்தார்கள். நல்ல இடம்தான், ஆனால் படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்றார்கள். அப்பாவின் தங்கையான அத்தை, நர்சிங் கடைசி வருடத்தில் இருந்தாள். எங்கள் வீட்டில் பெண்ணுக்குக் குரு பலம் வந்திருந்தால்தான் கல்யாணப் பேச்சையே எடுப்பார்கள். அன்றைய தேதிக்குக் குரு எங்கே இருக்கிறார் என்று பார்த்து, நிரலே அதைச் சொல்லிவிடும். பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்ததால் அத்தையே தன் ஜாதகத்தைப் பிரிண்ட் எடுத்தாள்.

'குரு பலம் இல்லை' என்று வந்தது. தாளின் தலையில் இருந்த தேதியோ நான் பிறப்பதற்கும் வெகு முந்தையது. நான் டிக்கை எடுத்ததால் பொய்ப் பெட்டி தன் பழைய தேதிக்கே போய்விட்டிருந்தது.

"நீ இன்னாத்தடி நோண்டுனே?" என்றாள் அத்தை, மெதுவாக.

சொன்னேன். டிக்கைத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும், போடட்டுமா என்று அழுதுகொண்டே கேட்டேன்.

அத்தை கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, தேதி இருந்த மேல் ஓரத்தை மட்டும் நேராக நறுக்கினாள்.

"நாளிக்குப் போட்டுக்கலாம். யாராண்டயும் சொல்லாத."

பெரியப்பா தாளைப் படித்தார். உண்மையில் அத்தைக்குக் குரு பலம் வந்துவிட்டது என்பது சுவரில் தொங்கிய காலண்டரைப் புரட்டியிருந்தாலே தெரிந்திருக்கும். கம்ப்யூட்டர் சொன்ன பிறகு காலண்டரை யார் பார்க்கிறார்கள்? "இந்த வருசம் வோணாம்னு சொல்லி அனுப்சிடு" என்று அப்பாவிடம் சொன்னார். அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு அவளை நினைத்துத் தாங்கவில்லை. நான் அடி வாங்கக் கூடாது என்பதற்காக, வந்த நல்ல சம்பந்தத்தையே விட்டுக்கொடுத்துவிட்டாளே. அந்த வாரம் முழுக்க என் பங்குக் கடலை மிட்டாயை அவளுக்கே கொடுத்தேன். அவளும் நர்சிங் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே வாங்கித் தின்றாள்.